‘பால் பத்தலையா?’ என்று கேட்பதற்கு முன்: கைக்குழந்தையோடு தவிக்கும் பெற்றோருக்கு எது உதவும்

கைக்குழந்தையோடு ஒரு பெண் விபரீத முடிவெடுத்தாள், அழுகையை நிறுத்தாத குழந்தையைப் பெற்ற அப்பாவே அடித்துவிட்டான் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படித்தவுடன் பலர் வாயில் வருவது, “இவளெல்லாம் ஒரு தாயா?”, “இவனெல்லாம் மனுஷனா?” என்பதுதான். அதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த வீட்டில் சில விஷயங்கள் தொடங்கியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மருத்துவம் நன்றாக ஆராய்ந்து வைத்திருப்பவைதான். குழந்தை ஏன் அப்படி அழுகிறது, பெற்றவளுக்கு என்ன ஆகிறது, ஏன் வெளியே சொல்வதில்லை, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடம் காட்டும் இரக்கம்தான் குழந்தைக்கு முதல் பாதுகாப்பு. குறை சொல்லும் வீட்டில் கஷ்டம் மறைக்கப்படும். மறைக்கப்படும் கஷ்டம்தான் ஆபத்தாக மாறுகிறது.

## அழுகை: எவ்வளவு இயல்பு?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே குறித்து வைக்கச் சொல்லி, 1962இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் அவர்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதார்கள். ஆறாவது வாரத்தில் அது இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறியது. மூன்று மாதம் நெருங்கும்போது ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இது நடுவாந்திரக் கணக்கு. இதைவிடக் கூடுதலாக அழுத குழந்தைகளும் பாதிப்பேர் இருந்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கம் பல நாடுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதியில் வாழும் குங் மக்கள் குழந்தையை நாள் முழுக்க உடம்போடு சேர்த்தே சுமப்பவர்கள். சிணுங்கினாலே பால் கொடுப்பவர்கள். அந்தக் குழந்தைகளும் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் அழுகின்றன என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. தூக்கி வைத்திருப்பதால் ஒவ்வொரு அழுகையின் நீளம் குறைகிறது. ஆனால் அழுகை வரும் தடவைகள் பெரிதாகக் குறையவில்லை. உலகத்திலேயே அதிகம் கொஞ்சப்படும் குழந்தையும் அந்த வாரங்களில் அழத்தான் செய்யும்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் ‘காலிக்’ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு இது. பெரும்பாலும் சாயங்காலம் தொடங்கும். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, கையை இறுக்கி மூடிக்கொண்டு கத்தும். காரணம் இன்னது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். குழந்தை அழுதவுடன் முதல் கேள்வி “பால் பத்தலையா?” என்பதுதான். கேட்பவருக்கு அது அக்கறை. கேட்கப்படுபவளுக்கு அது தீர்ப்பு. அதோடு, அந்தக் கேள்வி தன் பதிலைத் தானே உண்டாக்கும். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்பத்தான் பால் சுரக்கும். பயந்துபோய்ப் பாட்டிலைத் தொடங்கினால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பத்து நாளில் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆகிவிடும்.

பால் போதுமா என்று தெரிந்துகொள்ள அழுகையைப் பார்க்க வேண்டாம். வேறு அடையாளங்கள் இருக்கின்றன. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா? பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்தில் திரும்பப் பிடித்துவிட்டதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் பால் போதும். இல்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பவுடர் பால் தேவை என்று அவர் சொன்னால் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

எந்த அழுகை இயல்பானதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மூச்சுவிடத் திணறுவது, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

## அந்த வீட்டின் ராத்திரி

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். ஒரு தடவை குடிக்க, தோளில் போட்டுத் தட்ட, துணி மாற்ற, மறுபடி தூங்க வைக்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், அவள் ஒரே மூச்சில் தூங்க மிச்சம் இருப்பது ஒன்றேகாலிலிருந்து இரண்டேகால் மணி நேரம். ராத்திரி எது, பகல் எது என்ற உடல் கடிகாரம் குழந்தைக்கு உருவாகவே இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகும். வேண்டுமென்றே ராத்திரியில் படுத்துவதில்லை. அதற்கு ராத்திரி என்பதே தெரியாது.

இரண்டரை மணிக்கு அந்த அறையைப் பாருங்கள். தூளியை ஆட்டி ஆட்டி அவளுடைய வலது கை மரத்துவிட்டது. நைட்டியின் தோளில் கக்கிய பால் காய்ந்து மொறமொறவென்று நிற்கிறது. சிசேரியன் தையல் இன்னும் இழுக்கிறது. பக்கத்து அறையில் மின்விசிறிச் சத்தம், குறட்டைச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: “என்னம்மா, இன்னும் தூங்க வைக்கலையா?” அதைச் சொன்னவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார். அவளுக்கு அந்த வாக்கியம் விடியும்வரை காதில் ஒலிக்கும்.

உடம்பின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்குப் பக்கம் ரத்தசோகை. ‘பச்சை உடம்பு’ என்று நம் பாட்டிமார் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. அந்தப் பச்சை உடம்பை வைத்துக்கொண்டுதான் இவள் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள்.

## மனம்: மூன்று வேறு நிலைகள்

பிரசவத்துக்குப் பிறகு வரும் மன மாற்றங்களை எல்லாம் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. பேபி ப்ளூஸ். பிரசவமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் கண்ணீர், எரிச்சல், பதற்றம். இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். மருந்து வேண்டாம், ஓய்வும் ஆறுதலும் போதும்.

2. பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வு. இது நோய். இரண்டு வாரம் தாண்டியும் நீடிக்கும் சோகம், எதிலும் பிடிப்பில்லாமை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, பசியின்மை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கணக்கு 22 சதவீதம். ஐந்து தாய்மாரில் ஒருவருக்கும் மேல்.

3. பிரசவத்துக்குப் பின்வரும் சைக்கோசிஸ். ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தொடங்கும். தூக்கமே இல்லாத பரபரப்பு, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள். இது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரநிலை. தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. ‘பேய் பிடித்துவிட்டது’ என்று கோயில் கோயிலாக அலைந்து நாலு நாளைத் தொலைப்பதில்தான் உயிர்கள் போகின்றன. சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

அப்பாக்களை மறந்துவிடக் கூடாது. 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, புதிதாக அப்பா ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. ஆணுக்கு அது அழுகையாக வெளியே வருவது குறைவு. சிடுசிடுப்பு, வீட்டுக்கு வராமல் வெளியிலேயே சுற்றுவது, குடி என்று வரும். அதைப் பொறுப்பில்லாத்தனம் என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

## ஏன் சொல்வதில்லை?

இந்த விஷயத்தின் நடு முடிச்சு இதுதான்.

“நாங்க அஞ்சு பெத்து வளர்த்தோம், எங்களுக்கு வந்ததா இதெல்லாம்?” பெற்றது உண்மை. ஆனால் அந்த ஐந்து குழந்தைகளும் பாட்டி, அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று பல மடிகளில் மாறி மாறி வளர்ந்தவை. இரண்டு அறை வாடகை வீட்டில், காலை எட்டரைக்குக் கணவன் கிளம்பிப் போனபின் ராத்திரி ஏழரை வரை தனியாக ஒரு குழந்தையோடு இருப்பது வேறு வேலை. அன்றைக்குத் தவித்தவர்களும் இருந்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அடுத்து, அவளை மிகவும் பயமுறுத்தும் ஒன்று உண்டு. மொட்டைமாடிப் படியில் குழந்தையோடு இறங்கும்போது, ‘கை நழுவிவிட்டால்?’ என்று திடீரென்று ஒரு படம் மனத்தில் ஓடும். சில சமயம் ‘நானே போட்டுவிட்டால்?’ என்றும் வரும். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், குழந்தைக்குத் தன்னாலேயே தீங்கு நேர்வதுபோன்ற வேண்டாத எண்ணம் வந்ததாக ஏறக்குறைய பாதித் தாய்மார் சொன்னார்கள். எண்ணம் வந்ததும் பதறுவது, வெறுப்பது, கத்தியை எட்டாத இடத்தில் ஒளித்து வைப்பது: அவள் மனம் குழந்தையைக் காக்கத்தான் பார்க்கிறது என்பதற்கு அடையாளம் இது. சைக்கோசிஸில் அந்தப் பதற்றம் இருக்காது. அந்த நம்பிக்கை அவளுக்குச் சரியாகவே படும். இந்த வித்தியாசம் தெரியாததால், ‘நான் ராட்சசி’ என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொள்கிறவர்கள் ஏராளம். சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள், ‘பைத்தியம்’ என்று புகுந்த வீட்டில் பேர் வந்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். எது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் வீட்டில் வைத்து முடிவுகட்ட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

மறைத்தால் என்ன ஆகும்? உதவி வராது. உதவி வராவிட்டால் தூக்கம் வராது. தூக்கமில்லாமல் நோய் முற்றும். இந்தத் தொடரில் ‘அவள் கெட்டவள்’ என்ற கண்ணி எங்கேயும் இல்லை.

## குலுக்குதல்: ஒரு நொடி போதும்

உடம்பின் அளவோடு பார்த்தால் கைக்குழந்தையின் தலை பளு அதிகம். கழுத்துத் தசைக்கு வலு இல்லை. ஆத்திரத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினால் மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் மோதும், ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கசியும். பார்வை போகலாம், உயிரே போகலாம்.  பெரும்பாலும் அழுகை தாங்காமல் செய்யும் காரியம் அது.

அதனால் மருத்துவர்கள் சொல்லும் யோசனை எளிமையானது. தாங்க முடியவில்லை என்று தோன்றினால் குழந்தையைத் தட்டையான, பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பத்து நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். முகம் கழுவுங்கள். யாருக்காவது போன் போடுங்கள். பத்து நிமிஷம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கதவுக்கு வெளியே நிற்கும் அந்தத் தாயைப் பார்த்து, “புள்ளையை அழவிட்டு இங்க என்ன பண்றே?” என்று கேட்டால், அவளைத் திரும்ப ஆபத்துக்குள் தள்ளுகிறோம்.

‘உரம் விழுந்திருக்கிறது’ என்று சொல்லிக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. அன்போடு செய்தாலும் அந்தக் கழுத்துக்கும் மூளைக்கும் அதே ஆபத்துதான். நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டியதில்லை.

## சரி, எது உதவுகிறது?

பெரிய மருத்துவமனை, விலை உயர்ந்த மருந்து என்று நினைப்போம். சான்றுகள் காட்டும் வழி வேறு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் காக்ஸ் குழுவினர் 1987இல் தாயின் மனச்சோர்வைக் கண்டறியப் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். ‘கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா?’ என்று தொடங்கி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று முடியும். ஐந்து நிமிஷ வேலை. அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். எடின்பரோவில் 1989இல் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ள தாய்மாரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் போய், அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பிரிவில் 69 சதவீதம் பேர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் மீண்டவர்கள் 38 சதவீதம். ஐம்பது பேர் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான்.

அதைவிட நமக்கு நெருக்கமானது பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் நடந்தது. ஊரிலேயே இருக்கும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி மட்டும் கொடுத்து, மனச்சோர்வில் இருந்த தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 903 பெண்கள். 2008இல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மனச்சோர்வு நீடித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள் போய்வந்த பிரிவில் 23 சதவீதம். சிறப்புப் பயிற்சி பெறாத பணியாளர்கள் போய்வந்த பிரிவில் 53 சதவீதம். பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது, தடுப்பூசி போடுவதும் கூடியது. தாயைக் கவனித்தார்கள், குழந்தைக்கும் சேர்த்துப் பலன் கிடைத்தது.

நோய் முற்றியிருந்தால் மருந்து வேண்டும். “மாத்திரை போட்டால் தாய்ப்பாலை நிறுத்தணுமா?” என்ற பயத்தால் பலர் போவதே இல்லை. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பாலில் கலப்பது மிகக் குறைவு. மருத்துவர் சொல்படி எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். ரத்தசோகையும் தைராய்டும் இதே அறிகுறிகளோடு வரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது.

## பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடியவை

1. முதல் கேள்வியைக் குழந்தையைப் பற்றிக் கேட்காதீர்கள். “நீ எப்படிம்மா இருக்கே? நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

2. கவுன், வெள்ளித் தண்டை வாங்கிக்கொண்டு போவதைவிட ஒரு தூக்குச்சட்டி ரசமும் பருப்பும் கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவ, துணி காயப்போட உங்கள் கை உதவட்டும்.

3. ராத்திரியில் தொடர்ந்து நான்கு மணி நேரம் அவளைத் தூங்கவிட ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுத்தால், தட்டுவது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் இரண்டு மணிவரை அப்பாவின் வேலை. இடையில் பசித்தால் பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். நூறு அறிவுரையைவிட இது பெரியது.

4. நிறம், எடை, யார் ஜாடை, அடுத்த வீட்டுக் குழந்தை எப்போது குப்புற விழுந்தது என்ற பேச்சுகளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

5. “சாகலாம்போல இருக்கு” என்று சொன்னால், “அப்படியெல்லாம் சொல்லாதே” என்று வாயை அடைக்காதீர்கள். “எப்போதிருந்து இப்படித் தோணுது?” என்று கேளுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள்.

## 42ஆம் நாளுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவே

நம்மிடம் வீடு தேடி வரும் அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. தேசியத் திட்டப்படி மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பிறகு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பச்சிளம் குழந்தையைப் பார்க்க வேண்டும். அதன்பின் அடுத்த வருகை மூன்றாம் மாதத்தில்.

இந்தத் தேதிகளைப் பிரேசல்டனின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுகை உச்சிக்கு ஏறும் ஆறாவது வாரம் என்பது சரியாக 42ஆம் நாள். குழந்தை மிக அதிகமாக அழும் நாட்களில் முதல் சுற்று வருகை முடிகிறது. பிரசவம் பார்க்க வந்த உறவினர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். கணவனின் விடுப்பு எப்போதோ முடிந்திருக்கும். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். தனியார் நிறுவன ஊழியருக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. தாய்க்கு 26 வாரம் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது நல்ல விஷயம். ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களை அது எட்டுவதில்லை.

வருகின்ற நாட்களிலும் கவனம் குழந்தை மீதுதான். துணித் தொட்டில் தராசில் குழந்தையைத் தூக்கி எடை பார்த்து, தொப்புளைப் பார்த்து, அட்டையில் எழுதிவிட்டுப் பணியாளர் அடுத்த தெருவுக்கு ஓட வேண்டும். அவர் தலையில் ஏற்கெனவே ஆயிரம் வேலை. குறை அவர்மேல் இல்லை. அந்தப் பத்துக் கேள்விகளை 42ஆம் நாள் வருகையில் சேர்ப்பது, எட்டாவது, பத்தாவது வாரங்களில் இன்னும் இரண்டு வருகைகளைக் கூட்டுவது, அதற்கான ஊதியத்தையும் கொடுப்பது. இப்போது இருக்கும் அமைப்புக்குள்ளேயே இவ்வளவும் செய்யலாம்.

## சட்டம் யார் பக்கம்?

‘சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள்’ என்ற பயத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. மனநல மருத்துவமனையில் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து இருப்பதாகவோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்றோ மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு இயங்குகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு.

அவசரத்துக்கு இரண்டு எண்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. இரண்டிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அழைப்பவர் அந்தத் தாயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கணவர் அழைக்கலாம், மாமியார் அழைக்கலாம், ராத்திரி இரண்டரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டு விழித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.